மேட்டில் வரும் அறை

தேவாலய விறாந்தையில் சங்கத் தலைவர் சவிரியான் கதிரையிலும், கடிதம் எழுதும் நான் பக்கத்து வாங்கிலும், வீட்டுக்கு ஒருவராக மற்றவர்கள் தரையிலும் இருந்தோம். சென்ற புயலில் மகனைப் பறிகொடுத்த எமிலியானா கடலுக்கு முதுகைக் காட்டி வாசற்படியில் இருந்தாள்.

அந்தப் புயலில் தீவு முழுவதும் மூழ்கியபோது கல்லறை மேடு மட்டுமே மூழ்காமல் நின்றது. இனி ஒதுங்குவதற்கான கட்டடத்தை அங்கேதான் கட்டவேண்டும். நான் எழுதிய சம்மதக் கடிதத்தில் எல்லா வீடும் ஒப்பமிட்டால்தான் அரசாங்கம் கட்டித் தரும்.

எமிலியானா கட்டடத்தின் வரைபடத்தை என்னிடம் வாங்கினாள். "என்ர பிள்ளை கிடக்கிற இடத்தில என்ன வருது?"

படத்தில் அந்தக் கட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினேன்.

"கக்கூசோ? அப்ப நான் ஒப்பம் வைக்கமாட்டன்."

படத்தைத் திருப்பி வைத்துப் பார்த்தோம். குழந்தைகள் படுக்கும் அறை அவள் மகன்மேல் வந்தது. கழிப்பறை சவிரியானின் தகப்பன்மேல் போய் விழுந்தது. எமிலியானா அவர் பக்கம் திரும்பினாள்.

"உங்கட அப்பு கோவிக்கமாட்டார், அண்ணை. இருந்த காலத்திலயும் பாதி நேரம் அங்கதானே இருந்தவர்."

ஒருவரும் சிரிக்கத் துணியவில்லை. சவிரியான்தான் முதலில் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார்.

எல்லா வீடும் ஒப்பமிட்ட கடிதத்தை ஒட்டி மதியப் படகில் கொடுத்தேன். படகு கிளம்பும்போது எமிலியானா மேட்டில், மகனுக்குப் பக்கத்தில் படுத்து, அந்த அறை எத்தனை பிள்ளைகளைக் கொள்ளும் என்று கையால் அளந்துகொண்டிருந்தாள்.