கீழே காத்திருப்பவர்

“சார், இதுக்குப் பேரு மேகமில்ல, சுவரு. இதுக்குள்ள மூக்கை நுழைச்சா, அப்புறம் மூக்கு நம்மோடது இல்ல” என்றாள் துணை விமானி.

கல்லை வாரி இறைத்த மாதிரி முன் கண்ணாடியில் மழை அடித்துக்கொண்டிருந்தது. சின்ன விமானம். பின்னால் இருக்கைகள் எல்லாம் காலி. சிமென்ட் விற்றுச் சீமானான ஒரு முதலாளியின் சொந்த விமானம் அது. கீழே விமான நிலையத்தில் காத்திருக்கும் அவரை ஏற்றிக்கொண்டு வெளியூர் போவதற்காகத்தான் இந்த ஓட்டம். அங்கே அவருடைய அம்மா சாகக் கிடந்தாள்.

“டவர்ல என்ன சொல்றாங்க?” என்றார் கேப்டன்.

“‘ஒரு தடவை முயற்சி பண்ணிட்டீங்க, காத்து வேற கூடிக்கிட்டே போகுது, வேற ஊருக்குப் போறீங்களா’ன்னு மரியாதையாக் கேக்குறாங்க. பைத்தியமான்னு நேராக் கேக்க அவங்க விதியில இடமில்ல போல.”

கேப்டனுக்கு வந்த சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. முதல் தடவை ரன்வே தெரியாமல் மேலே தூக்கியாயிற்று. இப்போது சுற்றி வளைத்து இரண்டாம் முறை வந்துகொண்டிருந்தார்கள்.

“பக்கத்து ஊர்ல சுள்ளுன்னு வெயில் அடிக்குதாம் சார். அங்க இறங்கி ஒரு காபியைக் குடிச்சிட்டு, மழை விட்டதும் வருவோமே.”

“அதுக்குள்ள அந்தம்மா கண்ணை மூடிட்டா?”

அவள் உயரம் காட்டும் முள்ளைப் பார்த்தாள்.

“முதலாளி போன்ல அழுதார்மா. ‘என்ன ஆனாலும் வந்துடுங்க கேப்டன், எங்கம்மா முகத்தைப் பார்க்கணும்’னார். மழை கொஞ்சம் மூச்சு வாங்கினா போதும், அவரை ஏத்திக்கிட்டுப் பறந்துடலாம். அதுக்கு நாம கீழே தயாரா நிக்கணும்ல?”

“அழுதாரா, மிரட்டினாரா சார்?”

கேப்டன் கொஞ்சம் தயங்கினார். “ரெண்டும்தான்.”

அவருக்கு முன்னால் இந்த இருக்கையில் இருந்தவர் ஒருநாள் மூடுபனியைப் பார்த்துத் திரும்பிப் போனார். அத்தோடு அவர் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். தலை நரைத்த பிறகு எந்தக் கம்பெனி வாசலில் போய் வேலை கேட்டு நிற்பது? மகள் படிப்பு வேறு பாதியில் நிற்கிறது. ஆனால் பாவம், கேப்டன் மனதைப் பிசைந்தது அது மட்டுமில்லை.

“எங்கம்மா போனப்ப நான் வானத்துல இருந்தேன்மா. எவரையோ எங்கேயோ கொண்டுபோய் விட. இறங்கி போனை எடுத்தா, எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. அந்த முகம் எனக்குக் கிடைக்காமலே போச்சு. அந்த மனுஷனுக்காவது கிடைக்கட்டுமே.”

“எனக்கும் வீட்டுல ஒரு வாண்டு இருக்கு சார்” என்றாள் அவள், கண்ணை முள்ளிலிருந்து எடுக்காமல். “அதுக்கும் அம்மா முகம் வேணும்.”

சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அவர் கை சக்கரத்தை இறக்கிவிட்டது.

விமானம் இறங்க இறங்கக் காற்று அதைச் சல்லடையில் போட்டுச் சலித்தது. அவர்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. குறித்த உயரத்துக்கு வந்ததும், பக்கத்தில் இருப்பவர் வெளியே ரன்வேயைத் தேடிப் பார்த்து ‘தெரியுது’ என்றால் இறங்கலாம். ‘தெரியல’ என்றால் மறுபேச்சில்லாமல் மேலே தூக்கிவிட வேண்டும். கடவுளே வந்து ஓட்டினாலும் அதுதான் விதி.

“தெரியல” என்றாள்.

கேப்டன் தூக்கவில்லை.

“சார், தெரியல!”

“ஒரு நொடி பொறு.”

“ஒரு நொடியில தரை வந்துடும் சார்! தூக்குங்க!”

மழையைக் கிழித்துக்கொண்டு விளக்குகள் தெரிந்தன. நேரே இல்லை, ஒரு பக்கமாய் ஒதுங்கி. கேப்டன் வெடுக்கென்று திருப்பினார். இறக்கை ஒன்று தரையைத் தொடப் பார்த்தது. ஒற்றைச் சக்கரம் மோதி, எகிறி, மறுபடி விழுந்து, தண்ணீரில் வழுக்கிக்கொண்டே போய், ரன்வே முடிகிற புல்லுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.



“நல்லாயிருங்க சார்” என்றாள் அவள். “ஆனா இனிமே உங்க பக்கத்துச் சீட்ல நான் உட்கார மாட்டேன்.”

“திட்டும்மா. நல்லாத் திட்டு. வாங்கிக்கிறேன்” என்றார் கேப்டன். அவர் கண் கலங்கியிருந்தது. “ஒரு பிள்ளை தன் அம்மா முகத்தைப் பார்த்துடுவான். எனக்கு அது போதும்.”

கட்டடத்தின் அருகே விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, அவர் சொன்னபடியே மழை அடங்கத் தொடங்கியிருந்தது. முதலாளியின் மேனேஜர் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

“சீக்கிரம் வரச் சொல்லுங்க அவரை” என்று படியில் நின்றே கத்தினார் கேப்டன். “கொஞ்ச நேரத்துல மழை விட்டுடும். விட்டதும் கிளம்பிடலாம்.”

மேனேஜர் தரையைப் பார்த்தார். “அவர் வீட்டுக்குப் போயிட்டார் சார்.”

கேப்டன் படியிலிருந்து இறங்கி வந்தார். “அப்போ... அம்மா போயிட்டாங்களா?”

“இல்ல சார். இன்னும் மூச்சு இருக்கு. மகன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்காங்களாம்.”

“பின்னே என்னய்யா?”

“நீங்க இறங்கினதை இந்தக் கட்டடத்துக் கண்ணாடிகிட்ட நின்னு பார்த்தார் சார். முகம் வெளுத்துப் போச்சு. ‘உயிர் என்ன கடையிலயா விக்குது? இப்படி ஒரு வானத்துல இறக்குற ஆளை நம்பி நான் எப்படிய்யா ஏறுறது’ன்னுட்டார்.” மேனேஜர் குடையைக் கேப்டன் தலைக்கு மேலே நகர்த்திப் பிடித்தார். “நாளையிலேர்ந்து உங்களை வர வேண்டாம்னு சொல்லச் சொன்னார்.”