விருந்தாளிகளுக்கு ஆளுக்கொரு துண்டு

ஒரு காலத்தில் ஒயின் பாட்டில் லேபிள் அடித்த பழைய அச்சு இயந்திரம், நியூகாசில் ஆய்வுக்கூடத்தில் இன்னும் சூடு தணியாமல் முனகுகிறது. வெயிலை மின்சாரமாக்கும் மையை பிளாஸ்டிக்கில் அடித்து அது தந்த மெல்லிய சுருள், மேசை நிறைய விரிந்து, சன்னல் வெளிச்சத்தில் செம்பழுப்பாய் மின்னுகிறது. டோங்கா தீவில், ஆய்வாளர் செலாவின் அக்கா வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு, தடுப்பூசிப் பெட்டியைக் குளிரவைக்கப் போகவேண்டிய சுருள். விளம்பரப் பிரிவு கிரெய்க் அதைப் பட்டை பட்டையாக நறுக்கி, ரிப்பன் கட்டிக்கொண்டிருக்கிறான். “என்னடா பண்ற?” என்கிறாள் செலா. “அமைச்சரோட வர்றவங்களுக்கு நினைவுப்பரிசு. மலிவாத்தானே அடிக்கிறீங்க, இன்னொண்ணு அடிச்சாப் போச்சு!” “மலிவுன்னா குப்பையா? அங்க மருந்து கெட்டுப்போகுது, இங்க உனக்கு ரிப்பன் கேக்குதா?” அவளுக்குக் காது மடல்வரை எரிகிறது. “ஃபோட்டோ எடுக்க வந்துட்டாங்க செலா, கொஞ்சம் சிரிச்ச முகமா இரு” என்று அவன் மறுபடி கத்தரிக்கோலை விரிக்கிறான். செலா கையுறையை உருவி எறிகிறாள். வெறும் விரல்களைச் சுருளின்மேல், கத்தரியின் இரண்டு அலகுகளுக்கும் நடுவே வைக்கிறாள். “ம், வெட்டு.” நடைவழியில் விருந்தாளிகளின் சிரிப்பு நெருங்கி வருகிறது. கிரெய்க் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்க்கிறான். அவள் விரல்களை எடுப்பதாக இல்லை.