ஹாட்யாய் தட்டு

"அஞ்சு வேளையும் விழுங்க முடியல டாக்டர். கொஞ்சம் குறைங்க லா," என்றார் ஜைனல், கதவையே பார்த்தபடி குரலைத் தாழ்த்தி.

கதவுக்கு வெளியே பெஞ்சில் அவர் மனைவி சுலைஹா இருந்தாள். பிரஷர் பார்க்க வேண்டுமென்று அவளும் தொற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

நோயின் பெயர் ஹெர்பிஸ். வந்த இடம் வெளியே சொல்ல முடியாத இடம். வாங்கி வந்த ஊர் எல்லை தாண்டித் தாய்லாந்திலுள்ள ஹாட்யாய். சாப்பாட்டுக் கடைக்குப் பீங்கான் தட்டு வாங்கப் போவதாகத்தான் சொல்லிவிட்டுப் போனார். தட்டும் வாங்கி வந்தார், அதில் பொய் இல்லை.

தட்டுகள்தான் நிலைக்கவில்லை, ஒவ்வொன்றாய் உடைந்தன. கழுவும்போது வழுக்குகிறது என்றாள் சுலைஹா.

இது உடம்பைவிட்டுப் போகாது, தினமும் ஐந்து வேளை மாத்திரை போட்டால் அடங்கிக் கிடக்கும் என்று டாக்டர் ஹெர்பர்ட் சொன்ன அன்றே ஜைனல் ஹாலில் பாய் விரித்துவிட்டார். முதுகுவலி என்றார். அவள் ஏனென்று கேட்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தார்.

மாத்திரையை எங்கே விழுங்குவது? வீட்டிலும் அவள், கடையிலும் அவள். மலேசியாவில் இந்தக் கோலா கெத்தில் ஊரில் பாங்கு சத்தம் கேட்டு எழுந்து போகிறவனை மட்டும்தான் யாரும் எங்கே போகிறாய் என்று கேட்கமாட்டார்கள்.

எனவே பாங்கு சொன்னதும் மாத்திரையோடு பக்கத்துச் சிறு தொழுகைக்கூடமான சுராவுக்கு ஓடினார். குழாயடியில் விழுங்கினார். விழுங்கிய கையோடு திரும்பினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? தொழுகையின் பின்வரிசையில் போய் நின்றார்.

வெள்ளிக்கிழமைக்கே முக்கி முனகிப் போகிற மனுஷன், இப்போது சுபுஹு முதல் இஷா வரை ஐந்து வேளையும் தொழுகை. மத்தியானம் நாசி கண்டார் சோறு வாங்கும் கூட்டம் வாசல்வரை நிற்கையில் கரண்டியைப் போட்டுவிட்டு ஓட்டம். மாப்பிள்ளை திருந்திவிட்டார் என்று மாமியார் வீட்டில் ஒரே புகழ்ச்சி. சுராவ் கமிட்டியிலும் அவர் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். புலிவாலைப் பிடித்த கதைதான்.

டாக்டர் பேனாவை எடுத்தார். "இப்ப நல்லா அடங்கிருச்சு நானா. காலையில ராத்திரின்னு ரெண்டு வேளை போட்டாப் போதும்."

ஜைனலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இரண்டு வேளைக்குக் குளியலறையே போதும். நாளை விடியற்காலையில் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளலாம்.

கதவு திறந்தது. சுலைஹா முக்காட்டைச் சரிசெய்தபடி உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"பிரஷர்தானேம்மா?"

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். நீங்க குறைச்சது வெளிய கேட்டுச்சு." அவள் கணவனைப் பார்க்கவேயில்லை. "அந்த ஹாட்யாய் தட்ட ஒண்ணொண்ணா நான்தான் உடைச்சேன். இனிமே உடைக்கத் தட்டு இல்ல. இவருக்கு அஞ்சு வேளையாவே இருக்கட்டும்."

டாக்டர் மேசையில் எதையோ தேடினார்.

வெளியே மத்தியான லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள்.

ஜைனல் எழுந்தார்.