இந்த வருசத்து முத்திரை

“ரேடியோ லைசென்ஸே ஒழிஞ்சு போச்சு வே. புஸ்தகத்தைக் கொண்டுபோய் அடுப்புல போடும்” என்றார் தபால் ஆபீஸ் கிளார்க் பிச்சுமணி.

சுடலைமாடன் அசையவில்லை. கவுண்டர் கம்பிக்கு வெளியே கிளார்க் தள்ளிவிட்ட லைசென்ஸ் புத்தகத்தை மறுபடியும் உள்ளே தள்ளினார். “இந்த வருசத்துக்கும் ஒரு முத்திரை குத்திக் குடுத்துருங்க சார்.”

ஐந்தருவிப் பக்கம் ஒரு தோப்பில் சுமை தூக்குகிறவர் அவர். அரைநாள் வேலையை விட்டுவிட்டு, மாலை போட்ட ஐயப்ப சாமிகள் தொங்கிக்கொண்டு வந்த பஸ்ஸில் தானும் தொங்கிக்கொண்டு தென்காசிக்கு வந்திருந்தார். முத்திரை விழாமல் திரும்புகிற எண்ணம் அவருக்கு இல்லை.

“வேண்டாம்னு சொல்லுததை வேணும்னு கேக்குத ஆளை இன்னைக்குத்தான் பாக்கேன் அண்ணாச்சி” என்றாள் பின்னால் நின்ற ராபியா. இன்லண்டு லெட்டர் வாங்க வந்தவள். வரிசையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

அவளுக்கு அடுத்து ரேடியோ ரிப்பேர் கடை நாறும்பூநாதன் நின்றார். அவருக்கு வாய் சும்மா இருக்காது. “நம்ம வீட்டுல நாம பாட்டுக் கேக்கதுக்கு கவர்மெண்டுகிட்ட சீட்டு வாங்கணும்னா அது என்ன நியாயம்? விட்டா காதுக்கும் லைசென்ஸ் கேப்பான். ஒழிஞ்சுதேன்னு சந்தோசப்படாம, இந்த மனுசன் வந்து மல்லுக்கு நிக்காரு.”

“அப்படிச் சொல்லாதிய. களவு போயிட்டா நம்மதுன்னு சொல்ல ஒரு அத்தாட்சி வேண்டாமா?” என்றாள் ராபியா.

“களவாணியைப் பிடிக்கவா எழுதி வச்சான்? எவன் எவன் வீட்டுல ரேடியோ இருக்குங்கற லிஸ்ட்டும்மா அது. எமர்ஜென்சில அந்த லிஸ்ட்டைப் பார்த்துத்தான் வீடேறி வந்தாவன்னு பேச்சு. வெளிநாட்டு நியூஸைக் கேட்டுட்டு டீக்கடையில வந்து சொன்னவனையெல்லாம் தேடுனாவ.”

சுடலைமாடன் திரும்பி அவரைப் பார்த்தார்.

“பாத்தியளா, மனுசனுக்கு அந்தப் பயம் இன்னும் தெளியல” என்று சிரித்தார் நாறும்பூநாதன். “பயப்படாதேயும் வே. இப்ப எவனும் வரமாட்டான். தெருவுக்கே கேக்க மாதிரி சத்தமா வச்சுக் கேளும். ஆமா, உங்க பக்கத்து ரேடியோ பூரா ரிப்பேருக்கு எங்கடைக்குத்தான் வரும். உம்மது ஒருநாளும் வரலியே?”

“அது வீட்டுல இல்ல.”

“இல்லாத ரேடியோவுக்கா வே லைசென்ஸ்!”

வரிசை முழுக்கச் சிரிப்பு. கார்டு வாங்க நின்ற ஐயப்ப சாமிகூடத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“சும்மா இருங்க, பாவம். சட்டத்துக்குப் பயந்த மனுசன்” என்றாள் ராபியா. அவள் முகத்திலும் சிரிப்பு மிச்சம் இருந்தது.

பிச்சுமணிக்குப் பொறுமை போனது. கீழப்பாவூரிலிருந்து மாற்றலாகி, போன மாதம்தான் இங்கே வந்தவர். இவரை அனுப்பினால் போதும் என்று புத்தகத்தைப் புரட்டினார். ஒரு வருசம்கூடத் தவறாமல் முத்திரை விழுந்திருந்தது. முன்னால் இருந்த கிளார்க் ஒன்றும் கேட்காமலே குத்திக் கொடுத்திருப்பார் போலிருக்கிறது.

“தளவாய்னு போட்டிருக்கு. நீருதான் தளவாயா?”

“எம் மவன் சார்.”

“அப்ப அவனை வரச் சொல்லும்.”

“அவன் இங்கன இல்ல சார்.”

“எங்கன இருக்கான்?”

சுடலைமாடன் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “தெரியல சார்.”

பிச்சுமணி அவரை நிமிர்ந்து பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார். “தவறிட்டானா? அப்படின்னா புஸ்தகத்தை இங்கன ஒப்படைச்சிரணும் வே. அதான் முறை.”

“அந்தச் சொல்லைச் சொல்லாதிய சார்!”

கையை உள்ளே விட்டுப் புத்தகத்தை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார் சுடலைமாடன். இழுத்த பிறகு, அதைக் கொடுத்தால்தான் முத்திரை விழும் என்பது நினைவுக்கு வந்ததுபோல் மெதுவாக மறுபடியும் உள்ளே வைத்தார்.

“பத்து வருசம் ஆகப்போவுது சார். ரேடியோவையும் அவனையும் ஒரே ஜீப்புலதான் ஏத்தினாவ. சாப்பிட்ட கையைக்கூடக் கழுவ விடல. மறுநாள் நானும் அவன் அம்மையும் போய் போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல நின்னோம். அப்படி ஒருத்தனை நாங்க கூட்டிட்டு வரவே இல்லைன்னுட்டாவ. போற எடமெல்லாம் அதே பேச்சு. ரேஷன் கார்டுலயும் பேரை அடிச்சாச்சு.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நாறும்பூநாதன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ராபியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பிச்சுமணி முத்திரைக் கட்டையை எடுத்தார். குத்தவும் முடியாமல், வைக்கவும் முடியாமல் கையிலேயே பிடித்திருந்தார். “ஒழிஞ்சுபோன லைசென்ஸ் அண்ணாச்சி இது. இதுல முத்திரை குத்தி உமக்கு என்ன ஆகப்போவுது?”

“எம் மவன் இருக்கான்னு கவர்மெண்டு வருசாவருசம் ஒத்துக்கிடுதது இதுல மட்டுந்தான் சார்.”