வராத ஆட்டக்காரர்

கிரேக்கத்தின் வோலோஸ் நகரக் கால்பந்து அணியில் பதினோரு வருடங்களாகத் தடுப்பாட்டக்காரர் ஸ்தாமாதிஸ். சென்ற ஆண்டு அவர் பந்துக்காக நீட்டிய கால், எதிரணி இளைஞன் லெஃப்தெரிஸின் முழங்காலை முறித்தது. நடுவர் அதைத் தவறென்று சொல்லவில்லை. லெஃப்தெரிஸ் இனி ஆடவே முடியாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அதன்பின் ஸ்தாமாதிஸ் காலை நீட்டத் தயங்கினார். பந்துகள் அவரைத் தாண்டிப் போயின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்டத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு, மன்னிப்புக் கேட்கப் பக்கத்து ஊரிலிருந்த லெஃப்தெரிஸின் வீட்டுக் கதவைத் தட்டினார். அவனுடைய அம்மா திறந்தாள். முகத்தைப் பார்த்ததுமே திகைத்தாள்.

"அவன் இல்லியேப்பா. நீ ஆடறதப் பாக்கணும்னு ஊன்றுகோலோட ரெண்டு பஸ் மாறி மைதானத்துக்குப் போயிருக்கான். நீ போகலியா?"

ஸ்தாமாதிஸ் கடிகாரத்தைப் பார்த்தார். ஆட்டம் தொடங்கி இருபது நிமிடம் ஆகியிருந்தது.