எதிர்த்து வந்த மூச்சு

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு வென்டிலேட்டர் இருந்தது. வைரஸ் காய்ச்சலில் புண்ணாகிப்போன ஒரு நுரையீரலுக்குப் பன்னிரண்டு நாளாக அதுதான் மூச்சு ஊதிக்கொண்டிருந்தது. அந்தப் பெருமை அதற்குத் தலைக்கேறியிருந்தது.

"அண்ணே, கொஞ்சம் மெதுவா ஊதுங்க. இருக்கிற புண்ணே தாங்கல" என்று கெஞ்சியது நுரையீரல்.

"உனக்கு உயிர் வேணுமா, சொகுசு வேணுமா? குடுக்கிறதை வாங்கிக்க."

பதின்மூன்றாம் நாள் காலையில் நுரையீரல் தானாகவே சின்னதாக ஒரு மூச்சை இழுத்தது. வென்டிலேட்டருக்குப் பகீரென்றது. சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, "எதிர்க்கிறான்! என்னையே எதிர்க்கிறான்!" என்று வார்டே அதிர அலறியது.

நர்ஸ் எஸ்தர் ஓடிவந்தாள். திரையைப் பார்த்தாள், நோயாளியின் நெஞ்சைப் பார்த்தாள். "டாக்டர், இவரே மூச்சு இழுக்கிறாரு!" என்று சிரித்தாள்.

நாலு நாளில் குழாயை எடுத்தார்கள். வென்டிலேட்டரைத் துடைத்து அடுத்த கட்டிலுக்குத் தள்ளிப்போனார்கள்.

அங்கே இருந்த நுரையீரல் பயந்துபோய்க் கேட்டது: "முன்னால இருந்தவரு என்ன ஆனாரு அண்ணே? போயிட்டாரா?"

"போயிருந்தாக்கூட என் மனசு ஆறியிருக்கும்" என்று பொருமியது வென்டிலேட்டர். "நன்றி கெட்டவன், பிழைச்சுட்டான்."