தாங்குதரை

மிருதுளா தவழத் தொடங்கியதுமே பூங்கோதை வீடு முழுக்கத் தாங்குதரை போட்டுவிட்டாள். குழந்தை தடுமாறிச் சாயும்போதே அது மெத்தென்று எழும்பி, ஏந்தி நிமிர்த்திவிடும். பூங்கோதையும் நிம்மதியாகத் தன் வேலையைப் பார்த்தாள். பிள்ளை ஒருநாளும் விழுந்ததில்லை.

பள்ளியில் சேர்க்கப் போன அன்று, வாசல் சிமெண்டுத் தரையில் மிருதுளா தடுக்கி விழுந்தாள். முழங்காலில் ரத்தம் கசிந்தது. பக்கத்தில் நின்ற அம்மாவை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கன்னத்தைத் தரையில் பதித்து விசும்பிக்கொண்டே கிடந்தாள்.

பூங்கோதை பதறிப்போய் அவளை வாரி மடியில் போட்டுக்கொண்டு, தன் அம்மா செய்ததைப் போலவே தரையை ஓங்கி அடித்தாள். "என் தங்கத்தத் தள்ளிவிட்டியா? இனிமே தள்ளுவியா?"

மிருதுளா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதை அடிக்காதம்மா. என்னைக் கீழ விடு. அது தூக்கும்."